எக்ஸாஸ்ட் கடைக்காரர்களே, மைலேஜ் பேச்சு எதற்கு?

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் கார்களுக்கு எக்ஸாஸ்ட், அதாவது புகைக் குழாய் லைன், மாற்றிக் கொடுக்கும் பட்டறைக்காரத் தம்பிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் செக்‌ஷனில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார் மெக்கானிக் கிடையாது. ஆனால் குழாய்க்குள் எது ஓடினாலும் அது எந்த இடத்தில் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடையை மூடச் சொல்ல வரவில்லை. எஸ்.எஸ். பைப்பை வளைத்து, மீன் செதில் அடுக்கினாற்போல ஆர்கான் வெல்டிங் போடும் கைகள் உங்களிடம் இருக்கின்றன. எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு வெல்டர் இருந்திருந்தால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்போம். சத்தம் வேண்டும் என்று வருகிறவனுக்குச் சத்தம் கொடுக்கிறீர்கள். அது உங்களுக்கும் அவனுக்கும் போலீஸுக்கும் இடையிலான விவகாரம். என் வழக்கு ஒரே ஒரு சொல்லின் மேல்தான். கடை வாசலில் நின்று தயங்குகிற வாடிக்கையாளரை உள்ளே இழுக்க, கடைசி நேரத்தில் ஒரு சொல்லை எடுத்து விடுகிறீர்களே, "மைலேஜும் கூடும்ணா" என்று, அந்தச் சொல்.

எனக்கு அது வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

என் கார் 2018-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், பி.எஸ். 4 என்ற புகை விதிப்படி வந்த வண்டி. போன வருடம் தை மாதம் அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. தப்பு என்னுடையதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. நல்ல சூட்டில் ஓடினால் அது பறந்துவிடும். நான் காலையில் காய்கறி மார்க்கெட்டுக்கும் சாயங்காலம் கோயிலுக்கும் இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டியதில் அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தேங்கித் தின்றுவிட்டது. நான் பேத்தியைப் பார்க்க பெங்களூரு கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா பையனிடம் சாவியைக் கொடுத்து, "சைலன்சரை மட்டும் மாத்திட்டு வந்துரு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினான். பக்கத்து வீட்டு நாய் எழுந்து உள்ளே போய்விட்டது. இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் ஹெடர் குழாயிலிருந்து, புகை வெளியேறும் கடைசி எண்ட் கேன் வரை மொத்த லைனும் புதுசு. "28,000 ஆச்சு மாமா. ஆனா மைலேஜ் ரெண்டு கூடும்னு சொன்னாங்க. போட்ட காசு திரும்பி வந்துரும்" என்றான். சைலன்சர் வாங்கப் போன பையன் மனதில் அந்த ஒரு சொல்தான் 28,000 ரூபாயை நியாயப்படுத்தியிருக்கிறது. இல்லையென்றால் என்னிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து திரும்பி வந்திருப்பான்.

சரி, அவன் சொன்ன கணக்கையே போட்டுப் பார்த்தேன். மாதம் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி 17 கொடுத்தால் மாதம் 8 லிட்டர் மிச்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் 800 ரூபாய். 28,000 திரும்பி வர மூன்று வருடம். வாக்குக் கொடுத்தது அப்படியே நடந்தாலே இந்த லட்சணம்.

நடந்ததா? என்னிடம் ஒரு டைரி இருக்கிறது. டெஸ்டிங் செக்‌ஷன் புத்தி போகாதல்லவா. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரே பங்க்கில், ஒரே பக்கம், நாசில் முதல் முறை தானாக நிற்கும் வரை மட்டும் ஃபுல் டேங்க் அடித்து, லிட்டரையும் கிலோமீட்டரையும் குறித்து வைத்திருக்கிறேன். பழைய சைலன்சரில் டவுனுக்குள் 15-ஐ ஒட்டி, லாங் போனால் 19-க்கு மேல். புது எக்ஸாஸ்ட் போட்ட பிறகு முதல் நான்கு டேங்க்கில் டவுனில் 14-ஐத் தொடவே இல்லை. லாங்கில் 18 சொச்சம். கூடும் என்ற இரண்டு கூடவில்லை. இருந்ததில் ஒன்று போயிருந்தது.

கடைக்கு ஃபோன் செய்தேன். "செட் ஆகணும் சார், 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். இரும்புக் குழாய் செட் ஆவதற்கு என்ன, புதுச் செருப்பா?

மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். மூன்று நிமிடத்தில் சூடேறியதும் சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் தெரு மெக்கானிக், பழைய ஆள், கேட்ட உடனே சிரித்தார். டார்ச் அடித்துக் காட்டினார். ஹெடர் இன்ஜினோடு சேரும் இடத்தில், மூன்றாவது போர்ட்டின் கீழ்ப்பக்கம், மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. இடையில் வைக்கும் பேக்கிங் சரியாக உட்காரவில்லை. ஹெடரின் முகப்புத் தகடான ஃப்ளாஞ்ச், வெல்டிங் சூட்டில் லேசாக வளைந்திருந்தது. அதைப் பரப்பில் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தாமலே முடுக்கியிருக்கிறார்கள்.

புகை கொஞ்சம் வெளியே கசிந்தால் மைலேஜ் ஏன் குறைய வேண்டும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. மெக்கானிக் சொன்ன பிறகு மண்டையில் அடித்துக்கொண்டேன். 31 வருடம் சக்‌ஷன் லைனோடு மாரடித்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பம்ப்பின் சக்‌ஷன் பைப்பில் ஊசி ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். எக்ஸாஸ்ட் பைப்பில் புகை ஒரே சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது. அந்தக் கணத்தில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். கொஞ்ச தூரம் தள்ளி ஓ2 சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதன் வேலை புகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனைப் பார்ப்பது. பார்த்துவிட்டு, "பெட்ரோல் போதவில்லை, காற்று மிஞ்சுகிறது" என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்குச் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஈ.சி.யு., பாவம், அதை நம்பி இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றுகிறது. இன்ஜின் கேட்கவே இல்லை. சென்சாரை ஏமாற்றியது பேக்கிங்.

மெக்கானிக்கின் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு எண் வரும். ஈ.சி.யு. தன் வழக்கமான கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டி ஊற்றுகிறது என்று காட்டும் எண். நல்ல வண்டியில் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும். என் வண்டியில் ஐடிலிங்கில் கூட்டல் 14. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தினால் கூட்டல் 6. இந்த ஒரு எண்ணை, வேலைக்கு முன்னாலும் வேலை முடிந்த பின்னாலும் பார்த்திருந்தால் என் வண்டி அப்படி உங்கள் கடையை விட்டு வெளியே வந்திருக்காது. அதைக் காட்டும் சின்ன அடாப்டர் ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோல் விலையைவிடக் குறைவு.

ஃப்ளாஞ்சைத் தேய்த்து, புது பேக்கிங் போட்டதும் ட்ரிம் இறங்கியது. மைலேஜும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்தது. கிட்டத்தட்டத்தான். அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறவில்லை. ஏன் ஏறாது என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன். இது உங்களில் படித்த பிள்ளைகளுக்கு.

பைப்பில் ஓட்டம் பாதியானால் உராய்வு நஷ்டம் பாதியாகாது, கால்வாசியாகும். இது பீளமேட்டில் எந்தப் பம்ப் கம்பெனி வாட்ச்மேனைக் கேட்டாலும் சொல்வார். என் காரின் இன்ஜின் முழு மூச்சில் 80 குதிரைத்திறன் சொச்சம் தரும். அவினாசி ரோட்டில் 60-இல் சமதரையில் போவதற்கு 10 குதிரைத்திறன் கூட வேண்டாம். அந்த நேரம் எக்ஸாஸ்டில் போகும் புகை, முழு மூச்சில் போவதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கம்பெனி சைலன்சர் முழு மிதியில் 0.3 பார் எதிர்ப்புக் கொடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எங்கள் பாஷையில் அது 3 மீட்டர் ஹெட், அதாவது 3 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். 60-இல் போகும்போது அதே சைலன்சர் கொடுக்கும் எதிர்ப்பு 12 சென்டிமீட்டர். அரைச் சாண். சைலன்சரையே கழற்றி எறிந்துவிட்டாலும் உங்களால் மிச்சப்படுத்த முடிவது அந்த அரைச் சாண்தான்.

அதே நேரத்தில் இன்ஜினின் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மெதுவாகப் போகிறோம் என்பதால், காற்று வரும் வழியிலுள்ள கதவான த்ராட்டில் முக்கால்வாசி மூடிக் கிடக்கிறது. அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்க இன்ஜின் திணறுகிறது. காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் அரை பார் வெற்றிடம். 5 மீட்டர் சக்‌ஷன் லிஃப்ட், அதாவது 5 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது மாதிரி. 5 மீட்டர் ஒரு பக்கம், அரைச் சாண் மறு பக்கம். கடுகு போகிற இடத்தை ஆராய்ந்துவிட்டுப் பூசணிக்காய் போகிற இடத்தைக் கோட்டைவிட்ட கதை. பெரிய கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் போனால் மைலேஜ் கூடுகிறதே, அதற்கு ஒரு காரணம் அப்போது த்ராட்டில் இன்னும் கொஞ்சம் திறந்திருப்பது. அந்தப் பூசணிக்காயில் ஒரு துண்டு மிச்சமாகிறது. அதற்கு 28,000 ரூபாய் தேவையில்லை.

"இன்ஜினுக்கு பேக் ப்ரெஷர் வேணும்" என்று உங்களில் சிலர் எதிர்ப்பக்கமாகவும் பேசுகிறீர்கள். அதுவும் சரியில்லை. எதிர்ப்பு எந்த இன்ஜினுக்கும் வேண்டியதில்லை. வேண்டியது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து போகும் புகை தன் பின்னால் ஒரு இழுப்பை விட்டுச் செல்கிறது. அந்த இழுப்பு அடுத்துத் திறக்கும் வால்வில் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போகும். குழாயின் நீளமும் அகலமும் இந்த நேரத்தை முடிவு செய்கின்றன. நீங்கள் போடும் பெரிய பைப்பும் ஹெடரும் 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இந்த நேரத்தைப் பிடிக்கிற மாதிரி அமைகின்றன. அங்கே நிஜமாகவே இன்ஜின் நன்றாக மூச்சு விடும், மறுக்கவில்லை. ஆனால் காந்திபுரம் சிக்னலில் யார் 5,000-இல் போகிறார்கள்? நாம் இருப்பது 1,500-க்கும் 2,500-க்கும் நடுவில். அங்கே அகலப் பைப்பில் புகையின் வேகம் செத்துப்போய் இழுவை குறைகிறது. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த உக்கடம் மேம்பாலத்துக்கு இரண்டாவது போட வேண்டியிருக்கிறது. டிரைவர் தன்னை அறியாமல் கூடுதலாக மிதிக்கிறார். மிதிக்கும்போது சத்தம் நன்றாக இருக்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் மிதிக்கிறார். என் மாப்பிள்ளை ஓட்டிய டேங்க்குக்கும் நான் ஓட்டிய டேங்க்குக்கும் டைரியில் இருக்கும் வித்தியாசத்தை இங்கே எழுதினால் அவன் வீட்டுக்கு வரமாட்டான்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். 2017-18-இலிருந்து கார் கம்பெனிகள் விற்கும் மொத்த வண்டிகளுக்கும் சேர்த்து சராசரி எரிபொருள் செலவுக்கு அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று தொடங்கி, 2022-23-இலிருந்து 113 கிராமாக இறுக்கிவிட்டார்கள். ஒரு கிராமுக்காக மெல்லிய இன்ஜின் ஆயில், கெட்டி ரப்பர் டயர், சிக்னலில் தானாக நின்று கிளம்பும் இன்ஜின் என்று அலைகிறார்கள். பைப்பை அரை இன்ச் அகலமாக்கினால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும் என்றால், அந்த அரை இன்ச் இரும்பை அவர்கள் ஓசியில் போட்டுக் கொடுத்திருக்க மாட்டார்களா?

அப்புறம் ஏன் ஊர் முழுக்க இந்த நம்பிக்கை? இதற்கு ஒரு வேர் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். சேட்டக் ஸ்கூட்டர், டி.வி.எஸ். 50, ஆர்.எக்ஸ். 100 எல்லாம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும், பாதி எரியாமல் வெளியே வரும். ஒரு வருடத்தில் சைலன்சருக்குள் கரி அப்பிக்கொள்ளும். வண்டி இழுக்காது, மைலேஜ் படுத்துவிடும். பட்டறையில் சைலன்சரைக் கழற்றி விறகு நெருப்பில் போட்டுச் சிவக்கச் சுடுவார்கள், அல்லது காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவார்கள். தட்டினால் கரி கொட்டும். மாட்டிக்கொண்டு போனால் வண்டி பறக்கும், மைலேஜ் நிஜமாகவே திரும்பி வரும். சைலன்சரைத் திறந்துவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம் கைகள் அங்கேதான் கற்றுக்கொண்டன. உங்கள் குருமார்கள் அந்தப் பட்டறைகளில் தொழில் படித்தவர்கள். அந்தப் பாடத்தைச் சுத்தமாக எரியும் ஃபோர் ஸ்ட்ரோக் காருக்குக் கொண்டுவந்துவிட்டோம், அவ்வளவுதான்.

காரிலும் அதே மாதிரி ஒரு சந்தர்ப்பம் உண்டு. புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் அடைத்துப்போவது. இன்ஜின் ஆயில் குடித்தாலோ, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் பச்சைப் பெட்ரோல் அதற்குள் போனாலோ, உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான செராமிக் உருகி அடைத்துக்கொள்ளும். அப்போது வண்டி மூச்சு முட்டும், மைலேஜ் பாதாளத்துக்குப் போகும். அதை எடுத்துவிட்டு நேர் பைப் வைத்தால் மைலேஜ் கூடியது போலத் தெரியும். நல்ல கன்வர்ட்டர் வைத்தாலும் அதேதான் கூடியிருக்கும். அடைத்தது ஏன் என்று பார்க்காமல் விட்டால் புதுசும் அடைக்கும். இதைச் சொல்லாமல், "கன்வர்ட்டர் எடுத்தா மைலேஜ் கூடும்" என்பதை மட்டும் நல்ல வண்டிக்காரனிடம் சொல்வது, ஆஞ்சியோ செய்து பிழைத்தவரைக் காட்டி நல்ல மனிதனையும் ஆபரேஷனுக்குக் கூப்பிடுவது மாதிரி.

என் வண்டியில் கன்வர்ட்டர், ஹெடர் வரும் இடத்தில் கம்பெனி வைத்திருந்த மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருந்தது. ஹெடர் மாட்டியபோது அது போய்விட்டது. இரண்டாவது ஓ2 சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் லைட்டைப் போடாமலிருக்க, சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேசர் முட்டுக்கொடுத்து ஊமையாக்கியிருந்தார்கள். புகை சர்டிஃபிகேட் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் வரக்கூடாது. என் வண்டி அதற்கு எத்தனையோ மடங்கு மேலே நின்றது. டெஸ்ட் எடுத்த பையன், "சார், 200 ரூபா சேர்த்துக் கொடுங்க, வேற வண்டி டியூப்ல போட்டுத் தர்றேன்" என்றான். அது வேறு மடல்.

மாப்பிள்ளையிடம் கேட்டேன், "பழைய மேனிஃபோல்ட் எங்கே?" கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். போய்க் கேட்டால், "குப்பையில போட்டோம் சார்" என்றார்கள். தம்பிகளே, அந்தத் தேன்கூட்டில் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். அதை யாரும் குப்பையில் போடுவதில்லை. பழைய கன்வர்ட்டரை எடை போட்டு, நம்பர் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மைலேஜ் பேச்சில் யாருக்காவது லாபம் கிடைத்தது என்றால் அது அங்கேதான். புதுசு வாங்கிய விலையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் பையனுக்குச் சோறு கிடைக்காது.

டீசல், டர்போ வண்டிகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைக் காட்டி என்னை மடக்குவீர்கள். டர்போ இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் எதிர்ப்பு அதிகம் உறுத்தும் என்பது உண்மை. ஈ.சி.யு.வின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப்போடு சேர்த்துச் செய்தால் கொஞ்சம் லாபம் எட்டிப் பார்க்கலாம். கிடைத்த பிக்கப்பை மிதிக்காமல் வைத்திருக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. டீசலில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரான டி.பி.எஃப்.-ஐ எடுத்தால் மைலேஜ் சற்றுக் கூடும், அதுவும் உண்மை. அந்த ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதற்காக ஈ.சி.யு. அவ்வப்போது கூடுதலாக டீசலைச் செலவழிக்கிறது. டவுனுக்குள்ளேயே சுற்றும் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் நாற்பது நிமிடம் பைபாஸில் ஒரே சீராக ஓட்டினால் சரியாகிவிடும் ஒரு தொந்தரவுக்கு, ஃபில்டரையே குடைந்து எடுத்துக் கரியை ரோட்டில் விடுகிறோம். டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளையின் நெஞ்சில் எழுதி வாங்குகிற மைலேஜ் எனக்கு வேண்டாம்.

சட்டம் உங்களுக்கு மனப்பாடம், சுருக்கமாகவே சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்தமும் புகையும் மீறினால் தனியாக 10,000 வரை. மாட்டிக்கொள்கிறவர் வாடிக்கையாளர். உங்கள் பில்லில் "எக்ஸாஸ்ட் வேலை" என்று மட்டும்தான் இருக்கும். அதுகூட எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு படம்தான் வந்தது.

பந்தயத்துக்குச் செய்கிறோம் என்றால் கதையே வேறு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் டிராக். அங்கே வண்டி முழு மிதியில், மேல் ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது. உங்கள் ஹெடருக்கு அங்கே அர்த்தம் உண்டு. அங்கே யாரும் மைலேஜ் கேட்பதும் இல்லை.

"எங்க கஸ்டமர் நிறைய பேர் மைலேஜ் கூடியிருக்குன்னு சொல்றாங்களே" என்பீர்கள். சொல்வார்கள். காசு போட்டவன் கூடிற்று என்றுதான் சொல்வான். போதாததற்கு நம் ஊர் காற்று வேறு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து பிடித்துத் தள்ளும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, ஈரோடு அதில் பாதி கூடக் கிடையாது. புது எக்ஸாஸ்ட் போட்ட கையோடு ஈரோட்டில் மாமியார் வீட்டுக்கு ஆடி அழைப்புக்குப் போகிறவனுக்குப் பின்னால் காற்று, முன்னால் இறக்கம். டிஸ்ப்ளேயில் 23 காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்புவான், நீங்கள் ஸ்டேட்டஸ் வைப்பீர்கள். திரும்பி வரும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை யாராவது அனுப்பியிருக்கிறார்களா? இதோடு அலாய் வீலும் பெரிய டயரும் மாற்றியிருந்தால் ஓடோமீட்டரே தப்பாகக் காட்டும், கணக்கு இன்னும் குழம்பிப் போகும்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். விலை சொல்லும்போது அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். "சத்தம் மாறும், மேல் ஆர்.பி.எம்.மில் கொஞ்சம் பிக்கப் கூடும், மைலேஜ் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டுமென்பவன் அப்போதும் போடுவான். கன்வர்ட்டரில் கை வைக்காதீர்கள். கழற்றிய சாமானை ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்துவிடுங்கள், அது வண்டிக்காரருடையது. ஹெடர் மாட்டினால் ஃப்ளாஞ்சைச் சமப்படுத்தி, மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்தபின் ஒருமுறை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். ஃப்யூயல் ட்ரிம்மை முன்னும் பின்னும் எழுதிக் கொடுங்கள்.

நான் சொல்வது தப்பு என்று நினைப்பவர்களுக்கு என் பக்கமிருந்து ஒரு ஏற்பாடு. என் கார் இப்போது கம்பெனி எக்ஸாஸ்டோடு நிற்கிறது. ஏதாவது ஒரு ஞாயிறு, காலை ஐந்து மணி, காற்று எழும்புவதற்கு முன்னால். நீலாம்பூரிலிருந்து பெருந்துறை வரை போய் அதே வழியில் திரும்புவோம், ஏற்றமும் இறக்கமும் கழிந்துவிடும். டயரில் ஒரே காற்று, ஏ.சி. அணைத்து, 80-இல் நிறுத்தி, ஓட்டுவது ஒரே ஆள். கிளம்பிய பங்க்கிலேயே முதல் கட் ஆஃப் வரை திரும்ப நிரப்புவோம். அடுத்த ஞாயிறு உங்களில் யாருடைய எக்ஸாஸ்டையும், கன்வர்ட்டரைத் தொடாமல், மாட்டிக்கொண்டு அதே ஓட்டம். இரண்டு வாரமும் மூன்று மூன்று தடவை. பெட்ரோல், கணியூர், விஜயமங்கலம் டோல், டீ, எல்லாம் என் செலவு. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர், இரண்டு கூட வேண்டாம், ஒன்று கூடினால் உங்கள் எக்ஸாஸ்டை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, இந்த மடலுக்குக் கீழேயே மன்னிப்பும் எழுதிவிடுகிறேன். பங்க்கில் நாசிலைப் பிடிக்கும் பையன் மட்டும் என் ஆளாகவும் வேண்டாம், உங்கள் ஆளாகவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு பழைய பம்ப் டெஸ்டிங்காரன்